சாண எரிவாயுக் கலனுக்கு அரசு மானியம்: எவ்வளவு கிடைக்கும், எதைப் பார்த்துக் கட்டுவது

வீட்டில் நாலைந்து மாடு, கொஞ்சம் நிலம், தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கானது. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. அதில் ஒரு பிரிவு, வீட்டளவிலான சாண எரிவாயுக் கலன்களுக்கு மானியம் தருகிறது. ஊரில் கோபர் கேஸ் என்றால்தான் சட்டென்று புரியும்.

நாளொன்றுக்கு 1 முதல் 25 கனமீட்டர் வரை வாயு தரும் கலன்கள் சிறிய கலன்கள் என்ற கணக்கில் வரும். பொதுவான விகிதப்படி 1 கனமீட்டர் கலனுக்கு 9,800 ரூபாய், 2 முதல் 4 கனமீட்டர் வரை 14,350, 6 கனமீட்டருக்கு 22,750. வடகிழக்கு மாநிலங்கள் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்குத் தொகை கூடுதல். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்றால் சாதிச் சான்றிதழோடு போய், எந்தத் தொகை பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை 2025-26 நிதியாண்டு வரைக்கும் வகுக்கப்பட்ட தொகைகள். அதனால் இப்போது என்ன விகிதம் நடப்பில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மானியம் மொத்தச் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும், மிச்சம் நம் கைக்காசு.

மானியம் கூடுதலாக வருகிறதே என்று பெரிய கலனாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு கனமீட்டர் வாயுவுக்குத் தினமும் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 2 கனமீட்டர் கலன் போதும், அதற்கு 50 கிலோ சாணமும் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீரும். ஒரு நாட்டு மாடு நாளுக்குச் சராசரியாக 10 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மாடு. அதுவும் தொழுவத்தில் விழுகிற சாணம்தான் கணக்கு. பகலெல்லாம் மேய்ச்சலில் இருக்கும் மாட்டின் சாணம் காட்டோடு போய்விடும். இந்த 2 கனமீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் மாதத்துக்கு 26 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு, அதாவது ஏறக்குறைய இரண்டு சிலிண்டர் என்கிறது அமைச்சகத்தின் கணக்கு.

விண்ணப்பத்தை எந்தத் துறை வாங்குகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், அதான் பிடிஓ ஆபீஸில், விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், இடத்துக்கான ஆவணம் மூன்றையும் எடுத்துப்போங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே குழி தோண்டுங்கள். கட்டி முடித்து, வாயு வந்து, படத்தோடு பதிவான பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கட்டித்தருபவர் ஐந்து வருடப் பராமரிப்புக்குப் பொறுப்பு. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விட வேண்டாம்.

இடம் அடுப்படிக்குப் பக்கமாக, வெயில் படும்படி இருக்கட்டும். கிணற்றை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், பெரிய மர வேர் அருகில் கூடாது. 2 கனமீட்டர் கலனை முதல்முறை நிரப்ப ஒன்றரை, இரண்டு டன் சாணம் பிடிக்கும். சில வாரம் முன்னாலேயே சேர்க்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் திறந்து வெளியே விட்டுவிடுங்கள்.

சரி, வாயு வந்தாயிற்று. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெரிய லாபம் கலனின் மறுபக்கம் வழிகிற சாணக் கரைசல்தான். திறந்த குப்பைக்குழியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாணத்திலிருந்து தழைச்சத்து காற்றோடும் மழையோடும் போய்க்கொண்டே இருக்கும். மூடிய கலனுக்குள் அந்தச் சத்து பெரும்பாலும் அப்படியே தங்கும், ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவத்துக்கும் மாறியிருக்கும். ஆனால் வெளியே வந்த கரைசலை வெயிலில் பரப்பிக் காயவைத்தால், அந்த அம்மோனியா ஆவியாகிக் காப்பாற்றியதெல்லாம் வீண். பாசனத் தண்ணீரோடு கலந்து அன்றன்றைக்கு வயலுக்கு விடுவது நல்லது. அது முடியாதபோது நிழலில் ஒரு குழி எடுத்து, காய்ந்த சருகு, தட்டை ஒரு அடுக்கு, கரைசல் ஒரு அடுக்கு என்று போட்டு மக்கவிடலாம். யூரியா மூட்டையைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு இது வீட்டிலேயே கிடைக்கும் வழி.

பெரிய ஆலைகளின் இந்த எருவுக்கு அரசு தனி உதவியே அறிவித்தது. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபடி, சாணம் போன்ற கழிவிலிருந்து வாயுவும் உரமும் எடுப்பதற்கான கோபர்தன் திட்டத்தின் கீழ் வரும் ஆலைகள் விற்கும் உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய், மூன்று வருடத்துக்கு மொத்தம் 1,451.84 கோடி. ஐந்து மாட்டுக்காரர் தன் வயலுக்கே விடும் கரைசலுக்கு இதில் ஒரு பைசா கிடையாது. மண்ணுக்கு நல்லது செய்வதில் அவர் பங்கு குறைந்ததா என்ன? இது கொள்கையில் உள்ள ஓட்டை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தனியாகக் கலன் கட்டினால் சாணம் போதாமல் சும்மா கிடக்கும். 2018-ல் தொடங்கிய கோபர்தன் திட்டத்தில், தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு வழியாக, ஊருக்குப் பொதுவான கலன்கள் அமைக்க மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க இடமுண்டு. இதைத் தனிநபர் கேட்டு வாங்க முடியாது, ஊராட்சி கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். எத்தனை வீடு, எத்தனை மாடு, கலனுக்கு எந்தப் புறம்போக்கு நிலம், தினமும் சாணம் சேகரிப்பது யார் பொறுப்பு என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.