ஹாப்ஸ்பர்க்: வீடா, கோட்டையா, குடியா?

அண்மையில் ஒரு வரலாற்றுக் கட்டுரையின் மொழிபெயர்ப்பைத் திருத்தக் கொடுத்தார்கள். மூன்றாவது வரியிலேயே தடுக்கியது: 'ஹாப்ஸ்பர்க் வீடு ஸ்பெயினையும் ஆண்டது.' வீடு எங்கே நாடாளும்? ஹாப்ஸ்பர்க் என்பது ஐரோப்பாவின் பழைய அரச குடும்பம். மூலத்தில், அரச குடும்பத்தையும் குறிக்கும் 'ஹவுஸ்' என்ற சொல் இருந்திருக்கிறது, அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹாப்ஸ்பர்க் என்ற பெயரே ஒரு கட்டடத்திலிருந்து வந்ததுதான். இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் பகுதியில், ஆரே ஆற்றை ஒட்டிய குன்றின் மேல், 1020களில் ராட்போட் என்ற பிரபு கட்டிய சின்னக் கோட்டை அது. 'புர்க்' என்றால் ஜெர்மன் மொழியில் கோட்டை. ஆஸ்திரிய நகரமான சால்ஸ்பர்க்கின் வாலில் இருப்பதும் அதேதான். முன்பாதி எதைக் குறிக்கிறது என்பதில்தான் தகராறு. ராட்போட்டின் வேட்டைப் பறவை காணாமல் போய், தேடிப் போனபோது அந்தக் குன்றில் உட்கார்ந்திருந்ததாம். அந்தப் பறவையின் ஜெர்மன் பெயர் 'ஹாபிக்ட்'. ஹாபிக்ட்ஸ்புர்க் தேய்ந்து ஹாப்ஸ்புர்க் ஆனது என்பார்கள். ஆற்றைக் கடக்கும் துறையைக் குறித்த பழஞ்சொல்தான் வேர் என்பாரும் உண்டு.

பறவைக் கதையை ஏற்றால் தமிழில் என்ன சொல்வது? 'பருந்துக்கோட்டை' என்று எழுதுகிறார்கள். பருந்து வேறு, ஹாபிக்ட் வேறு. நம்மூரில் கோழிக்குஞ்சைத் தூக்கிப் போகும் வல்லூற்றுக்குத்தான் அது பெரிய உறவு. ஆகவே வல்லூற்றுக்கோட்டை.

இந்தக் குடும்பத்து ருடால்ஃப் 1273இல் ஜெர்மன் அரசரானார். 1282இல் ஆஸ்திரியா அவர் பிள்ளைகள் கைக்கு வந்தது. அப்புறம் பெயர் தந்த கோட்டையை யார் நினைத்தார்கள்? 1415இல் அந்தப் பகுதியையே சுவிஸ்காரர்களிடம் இழந்தார்கள். கோட்டை போனது, பெயர் நின்றது. 1740இல் ஆண்வழி அற்றுப்போன பிறகும் நின்றது: கடைசி ஆண் வாரிசின் மகள் மரியா தெரசாவின் பிள்ளைகள் தந்தையின் லோரைன் பெயரோடு தாய்வழிப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் வழிவந்தோர் 1918 வரை ஆண்டார்கள்.

சரி, 'ஹவுஸ்' விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் ஒன்று உண்டு: குடி. வாழும் இடமும் அதுதான், வழிவழி வரும் குடும்பமும் அதுதான். குறளின் 'பழங்குடி' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டே சேர சோழ பாண்டியர். ஆனால் இன்று 'ஹாப்ஸ்பர்க் குடி' என்று எழுதினால் வாசகர் டாஸ்மாக் பக்கம் போய்விடுவார். அரச மரபு என்பதே பாதுகாப்பு. வம்சம் என்றாலும் குற்றமில்லை.

இவர்கள் நமக்கு முழுக்க அந்நியரும் அல்லர். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயின் ஹாப்ஸ்பர்க்குகளிடம்தான் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தபோது லிஸ்பனுக்கு மன்னர், இந்த மரபைச் சேர்ந்த ஸ்பெயினின் மூன்றாம் பிலிப்.

அந்த வரியை 'ஹாப்ஸ்பர்க் மரபினர் ஸ்பெயினையும் ஆண்டனர்' என்று திருத்தினேன். 1700இல் ஸ்பெயின் கிளை வாரிசில்லாமல் முடிந்து, ஆட்சி பிரான்சின் அரச மரபுக்குப் போனது. கட்டுரையிலும் அந்த ஆண்டு வந்தது. பக்கத்தைத் திருப்பினால் அங்கே 'போர்பன் வீடு' காத்திருந்தது.