அலமாரியில் தூங்கும் எஸ்எஸ்டி

போன வருடம் ஆய்வு மாணவி ஒருவர் பஞ்சு சுற்றிய சின்ன டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ். ஆய்வகக் கணினியில் நாலைந்து வருடம் ஓயாமல் ஓடிய டிரைவ் அது. கணினியை மாற்றியபோது அதைக் கழற்றி, அளவீடுகள் எல்லாம் இதில் பத்திரமாக இருக்கும் என்று அலமாரியில் வைத்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து ஆய்வேட்டுக்காக எடுத்துச் செருகினால், பாதி ஃபைல் திறக்கவில்லை. "கீழே கூடப் போடலையே சார், தொடவே இல்லையே" என்றார்.

டேட்டா ரெக்கவரி வேலையில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டு இருக்கிறது, அதனால் கெட்டுப்போகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை, அதனால் கல்வெட்டு மாதிரி நிற்கும் என்று நம்பியவர்கள். ஆனால் எஸ்எஸ்டிக்குள்ளும் எலக்ட்ரான்கள் அசைகின்றன.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். எஸ்எஸ்டியின் சிப்பில் டேட்டாவை வைத்திருப்பவை ஃபிளாஷ் செல்கள். ஒவ்வொரு செல்லும் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும், எல்லாப் பக்கமும் மூடிய ஒரு குட்டித் தொட்டி. 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்த மிதக்கும் கேட் (சுற்றிலும் காப்புச் சுவர் உள்ள மின்முனை) என்ற யோசனைதான் இதற்கு அடிப்படை. 1987-ல் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு அதை இன்றைய எஸ்எஸ்டிகளில் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் என்ற சிப் வகையாக வளர்த்தது. எழுதுவது என்றால், ஏறக்குறைய 20 வோல்ட் கொடுத்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள சிலிக்கான் ஆக்ஸைடு சுவரைத் தாண்டி எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுவது. அழிப்பது என்றால் அதே சுவர் வழியாக வெளியே இழுப்பது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத குறைகள் சேர்கின்றன. அப்புறம் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் நாட்களில் அந்தக் குறைகள் வழியாக எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. மாணவியின் டிரைவில் நடந்தது இதுதான்: ஆய்வகத்தில் ஓடிய வருடங்கள் சுவரைத் தேய்த்தன, அலமாரியில் கிடந்த வருடங்கள் தொட்டியை வடியவிட்டன.

கொஞ்சம் கசிந்தால் என்ன என்று தோன்றும். ஒரு செல்லில் 1 பிட் மட்டும் வைத்த காலத்தில் அது சரிதான். நிரம்பியிருக்கிறதா, காலியா என்று பார்த்தால் போதும். இப்போது டிஎல்சியில் செல்லுக்கு 3 பிட், கியூஎல்சியில் 4 பிட். அதாவது அதே தொட்டியில் 8 மட்டங்களையும் 16 மட்டங்களையும் பிரித்துப் படிக்க வேண்டும். மட்டம் ஒரு கோடு இறங்கினாலே எண் மாறிவிடும். பிழை திருத்தும் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது; அதற்கும் ஓர் எல்லை உண்டு.

சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. சாதாரணப் பயனாளருக்கான எஸ்எஸ்டி, எழுதி அழிப்பதற்கான தன் ஆயுளை முழுதாக முடித்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் 1 வருடம் டேட்டாவைக் காக்க வேண்டும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் 3 மாதம். 2015-ல் இது தொடர்பான அட்டவணை ஒன்றைப் பார்த்துவிட்டு, எஸ்எஸ்டியை அணைத்து வைத்தால் சில நாளில் எல்லாம் போய்விடும் என்று இணையத்தில் பெரிய பீதி கிளம்பியது. அது தவறான வாசிப்பு. தேய்ந்து முடிந்த டிரைவுக்கு, சூடான இடத்தில் நடப்பதைச் சொன்ன எண்கள் அவை. புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். பயப்பட வேண்டாம், ஆனால் சூட்டைக் கவனியுங்கள். வைத்திருக்கும் இடம் சூடாக ஆகக் கசிவு வேகமாகும்.

இதே சூடு மருந்தும் ஆகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். 2012-ல் தைவானின் மெமரி சிப் நிறுவனமான மேக்ரோனிக்ஸின் ஆய்வாளர்கள் செல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு நுண் ஹீட்டரை அமைத்து, சில மில்லிசெகண்டு மட்டும் 800 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். தேய்ந்த சுவர் குணமானது. 10 கோடி தடவைக்கு மேல் எழுதி அழிக்க முடிந்தது என்று அறிவித்தார்கள். உலோகத்தைப் பதப்படுத்துகிறவர்களுக்குப் பழக்கமான வேலையை நானோ அளவில் செய்திருக்கிறார்கள்.

செல்களை மாடி மாடியாக அடுக்குவதும் பொருள்களைப் பதப்படுத்தும் வித்தைதான். 2013-ல் சாம்சங் 24 அடுக்குகளோடு உற்பத்தி தொடங்கியது. இன்று 200 அடுக்கைத் தாண்டிவிட்டது. படலங்களை மாறி மாறிப் படியவைத்து, மேலிருந்து அடிவரை பிளாஸ்மாவால் ஒரே துளை போடுகிறார்கள். அவ்வளவு ஆழமான துளை மேலும் கீழும் ஒரே அகலத்தில் வருவது கஷ்டம். அதனால் ஒரே சிப்பில் ஒரு மாடியின் செல்லும் இன்னொரு மாடியின் செல்லும் ஒரே மாதிரி வயதாவதில்லை.

தினசரி ஓடுகிற டிரைவும் தேய்மானத்தால் மட்டும் கெடுவதில்லை. கூகுள் டேட்டா சென்டர்களின் டிரைவ்களை ஆராய்ந்து டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மாடலைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் முதல் 4 வருடத்துக்குள் திருத்த முடியாத பிழை ஒன்றையாவது சந்தித்திருந்தன. திடீர் மின்வெட்டு இன்னொரு எதிரி. 2013-ல் 15 எஸ்எஸ்டிகளின் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்த்த ஆய்வில் 13 டிரைவ்கள் ஏதோ ஒரு விதத்தில் தடுமாறின. டெலிட் விஷயத்தில் ஒன்று மட்டும்: ட்ரிம் கட்டளை (அழித்த ஃபைலின் இடம் இனி தேவையில்லை என்று கணினி டிரைவுக்குச் சொல்வது) வேலை செய்யும் எஸ்எஸ்டியில், அழித்த ஃபைலை மீட்டுத் தருவது எங்களால் பெரும்பாலும் முடியாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கொண்டுவந்தால் சின்ன வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? பழைய, நிறைய எழுதப்பட்ட எஸ்எஸ்டியைக் காப்பகமாக வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை செருகுங்கள். செருகினால் மட்டும் போதாது. முழு டிரைவையும் படிக்க வையுங்கள். பலவீனமான செல்லைக் கண்டால் சில கண்ட்ரோலர்கள் (டிரைவை உள்ளிருந்து நிர்வகிக்கும் சிப்கள்) தாங்களாகவே வேறு இடத்தில் புதிதாக எழுதிவைக்கும். எல்லா மாடலும் அப்படிச் செய்யும் என்று நம்பக் கூடாது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை டேட்டாவை வெளியே எடுத்துத் திரும்ப எழுதிவிடுவது நல்லது. எப்படியும் இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், வேறொரு இடத்தில் இருக்கட்டும். அந்தப் பிரதியும் திறக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மாணவியின் டிரைவோடு பதினொரு நாள் உட்கார்ந்தேன். படிக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரே பக்கத்தை (ஒன்றாகப் படிக்கப்படும் செல்களின் தொகுதி) திரும்பத் திரும்பப் படித்ததில் பெரும்பகுதி வந்துவிட்டது. இரண்டு ஃபோல்டர் வரவே இல்லை. அந்த அளவீடுகளை அவர் மறுபடி எடுக்கிறார். போன மாதம் ஃபோனில் பேசியபோது, இப்போது தன் எஸ்எஸ்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, கடைசியாகச் செருகிப் படித்த தேதியை எழுதிவைப்பதாகச் சொன்னார்.