புழுதி குடிக்கும் எஞ்சின்: வீட்டில் கட்டிய டர்போ காரை மண் தடப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தல்

இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் ஓடும்போது, டர்போ எதுவும் இல்லாமலேயே, நிமிடந்தோறும் ஏறத்தாழ 6000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அதற்கு டர்போசார்ஜர் பொருத்தி, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு பார் (ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம்) அளவுக்குக் காற்றை அமுக்கிக் கொடுத்தால், உள்ளே போகும் காற்று இரு மடங்கை நெருங்கிவிடும். முன்னால் ஓடும் கார்கள் கிளப்பிய புழுதிக்குள் புகுந்து ஓடும் மண் தடப் பந்தயத்தில், இத்தனை காற்றோடும் எவ்வளவு மண் வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், வீட்டுக் கொட்டகையில் கட்டப்பட்ட டர்போ கார்கள் பாதியில் நின்றுபோவது ஏன் என்பது பாதி புரிந்துவிடும். அவற்றுக்குச் சக்தி குறைவாக இருப்பது அரிது. டர்போ பூட்டினாலே சக்தி வந்துவிடும். காற்று போகும் வழியில் எங்கோ ஓர் இணைப்பு நெகிழ்ந்திருக்கும், அல்லது அந்த வழியில் சேர்ந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லாமல் இருக்கும். அதனால் இத்தகைய காரைப் பழுது பார்க்க விரும்புகிறவர், காற்று நுழையும் வாயில் தொடங்கி வெளியேறும் வாய் வரை அதன் கூடவே நடந்து போவதுதான் நான் அறிந்த வழிகளில் நல்ல வழி.

டர்போசார்ஜரின் அடிப்படைக் கருத்து பழையது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறி வீணாகிறது. அந்தச் சூடான புகையை ஒரு சிறு டர்பைன் சக்கரத்தின் மீது பாய்ச்சினால் அது சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காரில் பொருத்தும் அளவுள்ள டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது சாதாரணம். அந்த விரலளவுத் தண்டின் ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸை எட்டும் புகை மோதிக்கொண்டிருக்க, சில அங்குலம் தள்ளி மறுமுனையில் வெளிக்காற்று நுழைந்துகொண்டிருக்கிறது.

காற்று வழியை ஆராயும்போது மறக்கக்கூடாத எல்லைக்கோடு அந்தக் கம்ப்ரசர் சக்கரம். ஏர் ஃபில்டருக்கும் கம்ப்ரசருக்கும் இடையிலுள்ள குழாயில், எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். கம்ப்ரசரைத் தாண்டிய குழாய்களில், பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் அழுத்தம்) ஏறியதும், அது வெளிக்காற்றைவிட அதிகமாக இருக்கும். ஆகவே ஒரே அளவுள்ள ஓட்டை, எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரு வேறு நோய்களை உண்டாக்குகிறது. முன்பக்க ஓட்டை ஃபில்டரைக் கடக்காத புழுதியை நேராக உறிஞ்சும். ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது, கார் நன்றாகவே ஓடும், சில பந்தயங்களுக்குப் பிறகு எஞ்சின் தேய்ந்திருக்கும். பின்பக்க ஓட்டை அமுக்கிய காற்றை வெளியே விடும். சீறும் ஓசை கேட்கும், பூஸ்ட் ஏறாது. காற்றின் நிறையை அளக்கும் உணரி ஃபில்டரை ஒட்டி இருந்தால், அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுவதால் எரிபொருள் மிஞ்சிக் கரும்புகையும் வரும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு எரிபொருளைக் கணக்கிடும் அமைப்பாக இருந்தாலோ கலவை சரியாகவே இருக்கும், ஆனால் இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழலும். சத்தம் போடும் பின்பக்க ஓட்டையைவிட, சத்தமில்லாத முன்பக்க ஓட்டையைத்தான் நான் அஞ்சுவேன்.

புழுதி ஏன் அவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், மண்ணில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7 என்ற இடத்தில் இருக்கிறது. பிஸ்டனின் அலுமினியமும் பேரிங்கின் மென்மையான மேற்பூச்சும் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. எஞ்சினுக்குள் உராயும் பரப்புகளைப் பிரித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலை எந்த ஃபில்டரும் நிறுத்திவிடும். படலத்தின் தடிமனை ஒட்டிய அளவுள்ள நுண்துகள்களே இடையில் புகுந்து இரு பரப்புகளையும் ஒரே நேரத்தில் கீறுகின்றன. எண்ணெயில் நனைத்த நுரைப்பஞ்சு ஃபில்டரும், அதன் மேல் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு மேலுறையும் மண் தடத்துக்கு ஏற்றவை. ஃபில்டரை முன் சக்கரத்தின் வழியில் வைக்காமல் உயரமாக, சக்கரம் வாரியிறைக்கும் மண் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உட்சுவரில் மெல்லிய கிரீஸ் பூசி, ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்ப்பது பழைய உத்தி. கிரீஸில் மணல் ஒட்டியிருந்தால் ஃபில்டர் நல்லதாகவே இருந்தாலும் அது அமரும் இடம் சரியில்லை என்று பொருள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய் வாயை ஒரு மூடியால் அடைத்து, மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, காற்றமுக்கியிலிருந்து மெதுவாக, ஓட்டத்தில் வரக்கூடிய பூஸ்ட் அளவைத் தாண்டாமல், அழுத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சோதனையில் உறிஞ்சும் பக்கக் குழாய்களும் அழுத்தம் பெறுவதால் எல்லைக்கோட்டின் இருபுறக் கசிவுகளும் ஒன்றாகவே வெளிப்படும். வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தச் செய்தி கொண்டுபோகும் பென்சில் பருமனுள்ள ரப்பர் குழாயை இந்த நேரத்தில் தனியாகப் பார்க்கத் தவறக்கூடாது. பூஸ்ட் ஓர் அளவை எட்டியதும் புகையின் ஒரு பகுதியை டர்பைனைச் சுற்றித் திருப்பிவிடுவது வேஸ்ட்கேட்டின் வேலை. அந்தக் குழாய் கழன்றுவிட்டால் வேஸ்ட்கேட் திறக்காது, அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறும். இரண்டு கிளிப் போட்டால் தீரும் காரியத்துக்கு எத்தனையோ எஞ்சின்கள் பலியாகியிருக்கின்றன.

அமுக்கினால் காற்று சூடாகும். 27 டிகிரியில் உள்ள காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு எந்த இழப்பும் இல்லாமல் அமுக்க முடிந்தால்கூட அது 93 டிகிரி அளவுக்குச் சூடாகும். 70 சதவீதத் திறனுள்ள உண்மையான கம்ப்ரசரில் 120 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்திருப்பதால், அழுத்தம் இரட்டித்தும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் தகட்டுப் பெட்டியான இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.85 மடங்கை எட்டும். ஆனால் மண் தடத்தில் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் சேறுதான் எதிரி. அவற்றின் தகடுகளுக்கிடையே சேறு காய்ந்து இறுகிவிட்டால் பார்வைக்குப் பெரிதாக இருக்கும் இன்டர்கூலர் வெறும் சூடான பெட்டியாகிவிடும். ஆகவே நெருக்கமான தகடுகளைக் காட்டிலும் இடைவெளி விட்ட தகடுகள் நல்லவை; முன்னால் ஒரு கம்பி வலை வேண்டும்; ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு, முடிந்தால் பின்புறத்திலிருந்து முன்புறமாக, தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.

உள்ளே போகும் காற்றின் வெப்பம் வெறும் சக்திக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே ஒரே கணத்தில் வெடிப்பதை நாக்கிங் என்கிறோம். அந்த அதிர்ச்சி, பிஸ்டனில் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய அடைப்பு வளையம்) அமரும் பள்ளத்தின் விளிம்பை உடைக்கும். தொடர்ந்தால் பிஸ்டன் தலையையே உருக்கும். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார், 10.25-க்கு 1 என்ற உயர்ந்த கம்ப்ரஷன் விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) வைத்துக்கொண்டு, நாக்கிங்கைத் தவிர்க்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சியது; தொட்டி காலியானால் காரின் துடிப்பும் போய்விடும். வீட்டில் கட்டுபவர்கள் பெரும்பாலும் டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைப்பது, பூஸ்ட் ஏற ஏறப் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவது, எடையில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் 14.7-க்கு 1 என்ற முழு எரிவு விகிதத்தை விட்டு 12-க்கு 1 அளவுக்குக் கலவையைச் செழுமையாக்குவது ஆகிய மூன்றும் அவர்களுக்குத் தேவைப்படும்.

செழுமையான கலவை கிடைக்க வேண்டுமானால் எரிபொருள் வந்து சேர வேண்டும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் வருவதாகக் கொள்வோம். மேனிஃபோல்டில் ஒரு பார் பூஸ்ட் ஏறினால், எதிர்ப்பக்கம் அந்த அழுத்தம் தள்ளுவதால், இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு 2 பாராகக் குறைந்துவிடும். பாய்வு அவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், எஞ்சின் மிகுதியாகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில் 18 சதவீதம் குறைவாகவே கிடைக்கும். பூஸ்டுக்கு ஏற்பத் தன் அழுத்தத்தையும் உயர்த்தும் ரெகுலேட்டர் இதற்காகவே இருக்கிறது. மற்றொரு கண்ணி, திருப்பங்களில் தொட்டிக்குள் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சுவது. சாதாரண எஞ்சின் அந்த நொடியில் திக்கித் தேறிவிடும். முழு பூஸ்டில் உள்ள எஞ்சினுக்கு அந்த ஒரு நொடி வறட்சியே போதும், பிஸ்டன் போய்விடும். பிரதானத் தொட்டிக்கும் உயரழுத்த பம்புக்கும் நடுவே எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சிறு தொட்டி வைப்பது அதற்கான மருந்து. அடர்த்தியான கலவையில் பொறி தாவுவது கடினமாதலால் பிளக்கின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டரிலிருந்து 0.7 அளவுக்குக் குறைப்பதும் வழக்கம்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே அதன் உடல்நிலையை அறியலாம். பிஸ்டனை மேல் எல்லையில், வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்று செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று நுழையும் பக்கத்தில் சீறினால் இன்லெட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் உடலுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு). ரிங் வழியே சிறிதளவு கசிவது இயல்பே. புதிய ரிங் போடுபவர்கள் அதன் முனைகளுக்கிடையே டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சொல்லப்பட்டதைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். கூடுதல் வெப்பத்தில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டால் நாக்கிங் இல்லாமலேயே பிஸ்டன் உடையும்.

சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விழுவதற்குத் தரக்குறைவான வெல்டிங்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகு மேனிஃபோல்டு 800 டிகிரி சூடேறினால் ஐந்தரை மில்லிமீட்டர் வரை நீளும், அது பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து அந்த அளவுக்கு நீளாமல் இருக்கும். போல்ட் துளைகளைச் சற்று நீள்வட்டமாக்கி மேனிஃபோல்டு நகர இடம் கொடுத்து, டர்போவின் எடையைத் தனித் தாங்கியில் நிறுத்தினால் விரிசல் பெரிதும் குறையும்.

டர்போவைச் சோதிக்கும்போது தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆட்டம் தெரிந்தால் பதறத் தேவையில்லை. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் வகைப் பேரிங்குக்கு அது இயல்பு. சக்கரம் உறையில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலோதான் டர்போ முடிந்தது. நீலப்புகை வந்தவுடனே டர்போவின் எண்ணெய் அடைப்பானான சீலைக் குற்றம் சொல்வதும் அவசரம். டர்போவுக்குள் அழுத்தத்தோடு வரும் எண்ணெய், நுரைத்துப்போய், வெறும் புவியீர்ப்பால்தான் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. திரும்பும் குழாய் குறுகலாகவோ வளைந்தோ இருந்தால், அல்லது எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் குழாயான பிரீதர் அடைபட்டுச் சம்பில் அழுத்தம் சேர்ந்தால், நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளிவரும்.

மண் தடத்தில் பெரிய டர்போ ஒரு தொல்லை. அது விழித்துக்கொள்ள நேரம் எடுத்து, விழித்ததும் ஒரேயடியாகத் தள்ளும்போது, பிடிப்பில்லாத மண்ணில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். டர்போ காருக்கு உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் கிடைத்த முதல் வெற்றி, 1979-இல் ஸ்டிக் புளோம்குவிஸ்ட் சாப் 99 டர்போவில் ஸ்வீடன் ரேலியை வென்றது. அது பனி மூடிய சாலை. பிடிப்பற்ற தரையிலும் டர்போவை ஆள முடியும் என்பதற்கு அது சான்று. தொடக்கநிலைப் பந்தயக்காரருக்குக் குறைந்த வேகத்திலேயே விழிக்கும் சிறு டர்போவும் மிதமான பூஸ்டுமே என் பரிந்துரை.

சம்புக்கு அடியில் கவசத் தகடு, சம்புக்குள் எண்ணெய் ஒரு பக்கம் ஓடாமல் தடுக்கும் தட்டுகள், வெளியிலிருந்தே மின்சாரத்தையும் பெட்ரோல் பம்பையும் நிறுத்தும் சுவிட்ச், கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு ஆகியவை கட்டாயம். கூண்டுக்குச் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும், அல்லது 50-உம் 2.0-உம் உள்ள, தையலற்ற எஃகுக் குழாயைக் கேட்கிறது. வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக்கூடாது.

ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் நின்றுபோன எண்ணெய், சிவக்கக் காய்ந்த டர்பைன் பக்கத்தில் கருகிக் கரியாகப் படியும். சூடான டர்போவின் மீது தண்ணீர் பாய்ச்சுவதும் கூடாது. எல்லாம் ஆறிய பிறகு, ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, கம்ப்ரசர் சக்கரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதன் இறகு விளிம்புகள் கூர்மை மங்கி, மணற்காகிதத்தால் தேய்த்ததுபோல் வெளிறியிருந்தால், ஃபில்டர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், அந்த முன்பக்கக் குழாயின் ஒவ்வொரு கிளாம்பையும் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.