தாடைக்குக் கீழே இறுகிய கட்டியா? பயாப்சிக்கு முன் இதைக் கவனியுங்கள்

தாடைக் கோணத்துக்குக் கீழே மெல்ல வளரும் கட்டி. பெரிதாக வலியில்லை, தொட்டால் மரக்கட்டை போல் இறுக்கம். ஸ்கேனில் எல்லை தெளிவில்லாமல் தசையையும் தோலையும் ஊடுருவி நிற்கிறது. புற்றுநோய் என்ற பயம் வருவது இயல்பு. இல்லையென்றால் காசநோய் என்போம். ஆக்டினோமைகோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று பெரும்பாலும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

இதை உண்டாக்கும் ஆக்டினோமைசிஸ் பாக்டீரியா நம் எல்லோர் வாயிலும், பல்லிடுக்கில் இருப்பதுதான். சொத்தைப் பல், பல் பிடுங்கிய புண், தாடை எலும்பு முறிவு வழியாக உள்ளே இறங்கினால் திசு அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு பரவும். சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து கட்டி இறுகும். பிறருக்குத் தொற்றாது. நாளாக ஆகத் தோலில் துளை விழுந்து, சீழோடு மஞ்சள் குருணைகள் வரலாம். பரவலுக்கு ஏற்ற அளவு நெறி கட்டாததும் ஒரு துப்பு.

நோய் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கட்டி கொஞ்சம் வற்றும், நிறுத்தியதும் திரும்பும். அதற்குப்பின் கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளர்வதும் அரிது. அடுத்தது, பயாப்சிக்காக வெட்டியெடுத்த திசுத் துண்டு முழுவதையும், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடுவது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே மருந்து தொடங்குமுன் திசு எடுங்கள். ஒரு பகுதி நுண்ணோக்கிப் பரிசோதனைக்காக ஃபார்மலினில் போகட்டும். இன்னொரு பகுதியை ஃபார்மலின் படாமல், காற்றில்லாச் சூழலில் வளர்க்கும் கல்ச்சருக்கு உடனே அனுப்புங்கள். குறைந்தது 14 நாள் வைத்துப் பார்க்கும்படி ஆய்வகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். ஊசி வழிச் செல் பரிசோதனையில் வெறும் 'சீழ், அழற்சி' என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. புண்ணாகிப்போன புற்றுநோய்க் கட்டியின் மேற்பரப்பிலும் இந்தக் கிருமி குடியேறும். ஆகவே இந்த நோய்தான் என்று சொல்ல, கிருமி திசுவின் ஆழத்தில், சீழுக்கு நடுவே தெரிய வேண்டும். சில வார சிகிச்சைக்குப் பிறகும் கட்டி சுருங்காவிட்டால் மறுபடி பயாப்சி அவசியம்.

பரவிய நோய்க்கு பென்சிலின் ஜி, நாளொன்றுக்கு 1.8 முதல் 2.4 கோடி யூனிட் வரை, 2 முதல் 6 வாரம் இரத்தக்குழாய் (சிரை) வழியாக ஏற்றப்படும். பிறகு அமாக்சிசிலின் மாத்திரை 6 முதல் 12 மாதம். லேசான நோய்க்குக் குறைந்த காலம் போதும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் டாக்ஸிசைக்ளின் உதவும். பல் சீழுக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் இந்தக் கிருமியிடம் எடுபடாது. மூலகாரணமான சொத்தைப் பல்லையும் சரிசெய்தாக வேண்டும்.