எஃப்.எஸ்.ஐ. — தளப்பரப்புக் குறியீட்டெண்

மனை வாங்கப் போகிறவர் இன்ஜினியரிடம் முதலில் கேட்பது, “எஃப்.எஸ்.ஐ. எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான். ‘ஃப்ளோர் ஸ்பேஸ் இண்டெக்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண். இரண்டு பரப்பும் சதுர அடியாகவோ சதுர மீட்டராகவோ இருந்தால் போதும். விடைக்கு அலகு கிடையாது.

‘இண்டெக்ஸ்’ லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, ஆள்காட்டி விரல் என்று பொருள். நம் ‘சுட்டுவிரல்’ அப்படியே பொருந்துகிறது. அமெரிக்காவில் இதையே எஃப்.ஏ.ஆர். (‘ஃப்ளோர் ஏரியா ரேஷியோ’) என்பார்கள், அதாவது தளப்பரப்பு விகிதம். இப்படி ஓர் அளவுகோல் தேவைப்பட்டதற்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. நியூயார்க்கில் 1915-இல் முடிந்த ஈக்விட்டபிள் கட்டடம், ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான நிலத்தில் சுமார் 12 லட்சம் சதுர அடியை அடுக்கியது. இன்றைய கணக்கில் 30-ஐ ஒட்டிய எண். தெருவே நிழலில் மூழ்க, 1916-இல் அந்நகரம் மேல்மாடிகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டச் சொன்னது. பரப்பை எண்ணால் கட்டுப்படுத்தும் விதி 1961-இல் வந்தது. இந்தியாவில் மும்பையும் சென்னையும் எஃப்.எஸ்.ஐ. என்கின்றன, டெல்லி எஃப்.ஏ.ஆர். என்கிறது. டெல்லி ஆவணத்தில் 350 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது சதவீதம், நம் கணக்கில் 3.5.

தமிழில் அரசு ஆவணங்கள் ‘தளப்பரப்பு குறியீடு’ என்று எழுதுகின்றன. பாதிச் சரி. குறியீடு என்றால் அடையாளம், சின்னம் என்றும் பொருள்படும். விலைவாசிக்கு மட்டும் ‘குறியீட்டு எண்’ என்று முழுதாகச் சொல்லிவிட்டு, கட்டடத்துக்கு வரும்போது எண்ணை விட்டுவிடுகிறோம். ‘தளப்பரப்புக் குறியீட்டெண்’ என்பதே முறை. பேச்சுக்கு நீளம் என்றால் ‘தளப்பரப்பு விகிதம்’ போதும். செய்யும் வேலையை அதுவே நேராகச் சொல்கிறது. ‘தளம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேஸ்திரி “தளம் போட்டாச்சு” என்றால் கூரை கான்கிரீட் முடிந்தது என்று அர்த்தம். மாடிக்குப் பழைய சொல் ‘நிலை’. ஏழுநிலைக் கோபுரம் என்று கோயிலில் இன்னும் வழங்குகிறது, வரைபடத்தில்தான் இல்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, உயரமல்லாத கட்டடங்களுக்கு இருந்த 1.5-ஐ 2.0 ஆக்கின. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்கு, 18 மீட்டர் சாலை இருந்தால் 3.25. அதற்கும் மேல் வேண்டுமானால் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. உண்டு. அதற்கும் சாலை அகலம்தான் அளவு: 9 முதல் 12 மீட்டருக்குள் 30 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, அதற்கு மேல் 50.

பலரும் இடறுவது இங்கேதான். 2.0 என்பது உச்சவரம்பு, உத்தரவாதம் அல்ல. ஒரு கிரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 40-க்கு 60 அடி, 2,400 சதுர அடி. 2.0 என்றால் 4,800 வர வேண்டும். முன்பக்கம் 10 அடி, மற்ற மூன்று பக்கமும் 5 அடி காலியாக விட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 30-க்கு 45, அதாவது 1,350. கீழே ஸ்டில்ட் (சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்), மேலே மூன்று மாடி என்றால் மொத்தம் 4,050, விகிதம் சுமார் 1.69. மீதி 750 சதுர அடி காகிதத்தில்தான் இருக்கும். நான்காவது மாடி போடலாமே என்றால் உயர வரம்பும் பக்க இடைவெளியும் குறுக்கே வரும். சிறிய மனையில் எஃப்.எஸ்.ஐ.யைவிட இடைவெளி விதிதான் கட்டடத்தைத் தீர்மானிக்கும்.

மேலே ஸ்டில்ட்டைக் கூட்டாமல் விட்டதற்குக் காரணம், வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் கணக்கில் வராது என்பதுதான். மொட்டை மாடியின் படிக்கட்டு அறை, லிஃப்ட் இயந்திர அறை, மேல்நிலைத் தொட்டி ஆகியவையும் அப்படியே. விலக்கு அந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். ஸ்டில்ட்டைச் சுவர் எழுப்பிக் கடையாக்கினால் அந்தப் பரப்பு உடனே கணக்கில் ஏறும். பணி முடிப்புச் சான்று தேவைப்படும் கட்டடமானால் அந்தச் சான்று அங்கேயே நின்றுவிடும். மின் இணைப்பும் அதோடு தள்ளிப்போகும்.

ஃபிளாட் வாங்குபவருக்கும் இந்த எண் பயன்படும். பத்திரத்தில் உள்ள பிரிபடாத பாகத்தால், அதாவது மொத்த மனையில் உங்கள் பங்கு நிலத்தால், வீட்டுப் பரப்பை வகுத்துப் பாருங்கள். விகிதம் 2 என்றால் 1,000 சதுர அடிக்கு 500 சதுர அடி நிலம். விற்பவர் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் பரப்பில், எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வராத பொது இடங்களும் சேர்வதால் நிலம் கொஞ்சம் குறையலாம். அது 250-ஆக இருந்தால், பிரீமியம் வாங்கினார்களா, அனுமதி வரைபடத்தைத் தாண்டிக் கட்டினார்களா, அல்லது நிலத்தின் ஒரு பகுதியைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.