நேர்காணலும் நேர்முகத் தேர்வும்: பயணச் செவிலியர் பணியை முன்வைத்து

'இன்டர்வியூ' என்ற சொல்லுக்கு நேர்முகத் தேர்வு, நேர்காணல் என்ற இரண்டையும் நாம் வேறுபாடின்றி எழுதி வருகிறோம். இவை ஒரே பொருளுடையவை அல்ல என்பதை அமெரிக்காவின் 'டிராவல் நர்ஸ்' பணிக்கான இன்டர்வியூ தெளிவாகக் காட்டுகிறது.

பயணச் செவிலியர் எனத்தக்க இவர்கள், ஆள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனைக்கு முகவர் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் சென்று, அது முடிந்ததும் வேறிடம் செல்பவர்கள். 'ஒப்பந்தச் செவிலியர்' என்றால் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவோரே நினைவுக்கு வருவர் என்பதால், அச்சொல் இங்கே குழப்பத்தையே தரும்.

இன்டர்வியூ என்பது 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ஒருவரையொருவர் காணுதல்' என்பதே அதன் மூலப்பொருள். அங்கே தேர்பவர், தேரப்படுபவர் என்ற பிரிவு இல்லை. நேர்முகத் தேர்வு என்னும்போது ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்வதோடு முடிகிறது. நேர்காணலிலோ இருவரும் காண்கிறார்கள்.

பயணச் செவிலியருக்கு இந்த இருவழித்தன்மை இன்றியமையாதது. பெரும்பாலும் வார்டின் மேலாளர் தொலைபேசியில் அழைத்து, அரைமணி நேரத்துக்குள் பேசி முடித்துவிடுவார். சில வேளை அன்றே பணி உறுதியாகிவிடும். முகமே தெரியாத உரையாடலைக் 'காணல்' எனலாமா என்று கேட்கலாம். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று தொடங்கும் குறள், காதால் கேட்டதன் மெய்ப்பொருளை அறிவதையும் 'காண்பது' என்றே சொல்கிறது. ஆதலால் தாராளமாகச் சொல்லலாம்.

"நோயாளியின் இரத்த அழுத்தம் திடீரென இறங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்பது போன்ற கேள்விகளை எதிர்பார்க்க வேண்டும். வார்டைப் பழகிக்கொள்ள ஓரிரு நாட்களே கிடைக்கும் என்பதால், வந்தவுடன் தனித்து இயங்கக்கூடியவரா என்பதையே மேலாளர் அறிய விரும்புகிறார்.

செவிலியர் கேட்க வேண்டியவையும் உள்ளன. ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்பதே அவற்றுள் முதன்மையானது என்பேன். கலிஃபோர்னியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள் என்று சட்டமே வரையறுக்கிறது; பெரும்பாலான மாநிலங்களில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லாததால், கேட்காமல் விடுவது நோயாளிக்கே ஆபத்தாகலாம். 'ஃப்ளோட்டிங்' என்ற பெயரில் வேறு வார்டுக்கு அனுப்புவார்களா, எந்த வார்டுகளுக்கு என்பதையும் கேட்க வேண்டும். இதைத் தமிழில் 'வார்டு மாற்றிப் பணி' என்றால் எவருக்கும் விளங்கும். சம்பளப் பேச்சு முகவரோடு நடைபெறுவது. மேலாளர் இசைந்த விடுப்பு நாட்களைக் குறித்துவைத்து, அவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.