திரையிலி: ‘ஹெட்லெஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு, அன்றன்று வந்த பச்சைத் தேயிலையின் எடையை வரைபடமாக்கிச் சேமிக்கும் சிறு நிரல் ஒன்றை ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதிக்கொடுத்தேன். கணினியில் திரையைப் பொருத்தி எதிரில் அமர்ந்து ஓட்டியபோது படம் வந்தது. திரையைக் கழற்றிக் கணினியை அலமாரியில் ஏற்றிய அன்றிரவு, குறித்த நேரத்தில் தானாக ஓடிய நிரல் ‘ஹெட்லெஸ் எக்செப்ஷன்’ என்ற பிழையைக் காட்டி நின்றுவிட்டது. கணக்கர் அதைப் படித்துவிட்டு, “தலை இல்லைன்னு சொல்லுதே, சார்?” என்றார்.

அவர் பெயர்த்தது அகராதிப்படி சரி, பொருளில்தான் பிசகு. கணினித் துறையில் ‘ஹெட்’ என்பது கணினியோடு இணைத்த காட்சித்திரையைக் குறிக்கும். இரண்டு திரைகளை இயக்கும் வரைகலை அட்டையை ‘டூயல் ஹெட்’ என்பதும் இவ்வழக்கினால்தான். திரையும், பெரும்பாலும் அதனுடன் விசைப்பலகையும் சுட்டியும் இல்லாமல் இயங்கும் கணினியே ‘ஹெட்லெஸ்’. தமிழில் ‘தலையற்ற’ என்றால் உயிரற்ற முண்டமோ, களத்தில் ஆடும் கவந்தமோ, தலைமையில்லாத கூட்டமோதான் நினைவுக்கு வரும். அலமாரியில் இருக்கும் வழங்கிக்கு (சர்வருக்கு) மூளையும் நினைவகமும் குறைவின்றி இருக்கின்றன. பார்ப்பவருக்குக் காட்டும் முகம் மட்டுமே இல்லை.

படம் வரையத் திரை தேவையே இல்லை என்பதுதான் இங்கே உணரவேண்டியது. அகலம் 1000, உயரம் 600 படப்புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 24,00,000 பைட் இடத்தில் அடுக்கிய எண்களே. அவற்றைச் சுருக்கிக் கோப்பாக எழுதினால் வேலை முடிந்தது. என் நிரலோ வரைவதற்கு முன் ஒரு சாளரத்தைத் திறக்க முயன்றது. லினக்ஸ் இயங்குதளத்தில் சாளரம் கேட்கும் ஜாவா நிரல் வழக்கமாக, 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தோன்றிய எக்ஸ் சாளர அமைப்பின் வழங்கியை, அதாவது திரையில் சாளரங்களை வரைந்துதரும் மென்பொருளை, நாடும். அது எங்கே என்று சொல்லும் ‘டிஸ்பிளே’ என்னும் சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்புக் குறிப்பு), தானியங்கிப் பணிகளுக்குப் பொதுவாக அமைந்திருப்பதில்லை. சாளரத்தை விட்டுவிட்டு நினைவகத்திலேயே வரைவது நேரான தீர்வு. பழைய நிரலைத் தொட முடியாதபோது, நினைவகத்தில் பொய்த்திரை ஒன்றை விரித்துக் காட்டும் எக்ஸ்விஎஃப்பி என்னும் மென்பொருள் உதவும். நான் முதல் வழியைப் பிடித்தேன். அதன்பின்னும் ‘கோத்தகிரி’ என்ற பெயர் வெற்றுக் கட்டங்களாகவே வந்தது. வழங்கியில் தமிழ் எழுத்துரு இல்லாததே காரணம். எழுத்துரு இருந்தும், எழுத்துகளைக் கோக்கும் நிரல் நூலகம் சரியாக அமையாவிட்டால், ‘கோ’வின் இரட்டைக்கொம்பு இடம் மாறி நிற்கும்.

இனி, சொல்லுக்கு வருவோம். ‘திரை’ என்பதற்கு அலை, தோல் சுருக்கம், மறைக்கும் சீலை எனப் பல பொருள்கள் உண்டு. துணியில் படம் காட்டத் தொடங்கிய பின், மறைப்பதற்கான சொல்லே காட்டுவதற்கும் ஆகி, வெள்ளித்திரை, சின்னத்திரை எனக் கணினித்திரை வரை வந்துவிட்டது. எனவே ‘திரையற்ற’ என்றால் சீலையில்லாத சன்னலை நினைப்பவரும் இருக்கலாம். ஆனால் ஏதிலி, அறிவிலி என்பவற்றில் இல்லாமையைக் குறிக்கும் ‘இலி’யைச் சேர்த்துத் ‘திரையிலி’ எனப் பெயராக்கினால், அது கலைச்சொல்லாகத் தனித்து நிற்கிறது. ஜாவாவின் 1.4ஆம் பதிப்பில் வந்த ‘ஹெட்லெஸ் மோடு’ திரையிலா முறை; 2017இல் குரோம் உலாவியின் 59ஆம் பதிப்பில் வந்த ‘ஹெட்லெஸ் குரோம்’ திரையிலாக் குரோம்.

இணையதளத்தின் உள்ளடக்கத்தைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருளில் ஒருவகையான ‘ஹெட்லெஸ் சிஎம்எஸ்’ என்பதற்கு மட்டும் இச்சொல் பொருந்தாது. அங்கே இல்லாதது கண்ணாடித் திரை அன்று, வாசகர் காணும் பக்கத்தை வார்த்துத்தரும் முன்பகுதி. அதை ‘முகப்பிலா உள்ளடக்க மேலாண்மை’ என்பதே தகும். கணக்கரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “திரை இல்லாததால் நின்றது, இனி நிற்காது” என்றேன்.